கடைமடைக்கு எட்டாத மின்சாரம்

மின்வெட்டு வேறு, மின்தடை வேறு. மின்சாரம் போதாதபோது பகுதி பகுதியாக முறைவைத்து நிறுத்துவது மின்வெட்டு. மின்சாரம் இருந்தும், அதைச் சுமந்துவரும் கம்பியோ மின்மாற்றியோ தாங்காமல் நின்றுபோவது மின்தடை. 2012-ல் தமிழ்நாடு பட்டது முதலாவது வகைத் துன்பம். இன்று கோடை இரவுகளில் நகரத் தெருக்கள் படுவது பெரும்பாலும் இரண்டாவது வகை. முதலாவதைத் தீர்க்க மின்சாரத்தை உற்பத்தி செய்தோ வாங்கியோ சமாளிக்கலாம். இரண்டாவதைத் தீர்க்க, எந்தத் தெருவில் எந்தச் சாதனம் எந்த ஆண்டில் தாங்காமல் போகும் என்பதை முன்கூட்டியே கணித்தாக வேண்டும்.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம் அது. அவ்வளவு மின்சாரத்தையும் மாநிலத்துக்குள் கொண்டுவர முடிந்தது. ஆனால் அணை நிறைந்திருந்தாலும் கிளை வாய்க்கால் குறுகலாக இருந்தால் கடைமடை வயல் காயத்தான் செய்யும். மின்பகிர்மானத்தின் நிலையும் அதுவே.

மின்சாரம் வரும் வழி

உயரழுத்த மின்பாதைகளில் வரும் மின்சாரம், துணை மின்நிலையங்களில் படிப்படியாக 11 கிலோவோல்ட் அளவுக்கு இறக்கப்படுகிறது. அங்கிருந்து ‘பீடர்’ எனப்படும் மின்பாதைகள் ஊருக்குள் பிரிகின்றன. ஒவ்வொரு பீடரிலும் பல மின்மாற்றிகள் தொங்குகின்றன. மக்கள் ‘டிரான்ஸ்பார்மர்’ என்று சொல்லும் இவைதான் மின்சாரத்தை வீட்டுப் பயன்பாட்டுக்கான அழுத்தத்துக்கு மாற்றுகின்றன. பிறகு கம்பங்கள் வழியாகவோ, சென்னை போன்ற இடங்களில் புதைவடம், பில்லர் பாக்ஸ் வழியாகவோ வீட்டு மீட்டரை அடைகிறது.

கிராமத்தில் 25, 63, 100 கேவிஏ மின்மாற்றிகளைக் காணலாம். நெருக்கமான நகரத் தெருவில் 250 அல்லது 500 கேவிஏ மின்மாற்றி நிற்கும். இந்த எண்தான் அது சுமக்கக்கூடிய பளு. பீடருக்கும் கம்பிக்கும் புதைவடத்துக்கும் இப்படி ஒவ்வோர் அளவு உண்டு. தொடரில் எது மிகவும் மெலிந்ததோ, அதன் அளவுதான் அந்தத் தெருவின் அளவு.

தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகத்தின் கீழ் மூன்று கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் உள்ளன. அவற்றை ஊட்டும் மின்மாற்றிகளின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் போகிறது. அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கணக்கிடுவது ஒருகாலத்தில் நடக்காத காரியம். அளவீட்டுக் கருவியும் கணினியும் வந்த பிறகு அது செய்யக்கூடிய வேலை.

தாங்கும் திறன் மூன்று வகை

முதல் எல்லை வெப்பம். மின்மாற்றிக்குள் செம்பு அல்லது அலுமினியச் சுருளைச் சுற்றிக் காப்புத் தாள் இருக்கிறது. முழுவதும் எண்ணெயில் மூழ்கியிருக்கிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால், சுருளில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். வழக்கமான காப்புத் தாளின் மிகச் சூடான புள்ளி 98 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அதன்பின் ஏறும் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் தாள் நொய்ந்துபோகும் வேகம் இரட்டிக்கிறது. முப்பது ஆண்டு உழைக்க வேண்டிய சாதனத்தின் ஆயுள், சில கோடைகளிலேயே கரைந்துபோகும்.

எண்ணெய் சூடேறச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் குறுகிய நேர அதிகச் சுமையை மின்மாற்றி பொறுத்துக்கொள்ளும். ஆபத்து எப்போது என்றால், இரவு முழுக்கச் சுமை குறையாமல், வெளிக்காற்றும் குளிராமல் இருக்கும்போது. மே மாதச் சென்னையில் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள் சாதாரணம். ஆகவே, பகல் உச்ச வெப்பத்தை மட்டும் பார்த்துச் செய்யும் கணிப்பு தவறும். இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையும் அதே அளவுக்கு முக்கியம்.

இரண்டாவது எல்லை மின்னழுத்தம். கம்பியின் நீளம் கூடக் கூட, சுமை ஏற ஏற, அழுத்தம் குறைந்துகொண்டே போகும். தாழ்வழுத்த இணைப்புகளில் ஏற்ற இறக்கம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 230 வோல்ட் என்று கொண்டால் 216-க்குக் கீழே போகக் கூடாது. மின்மாற்றியை ஒட்டிய வீட்டில் எல்லாம் சரியாக இருக்கும். கடைசிக் கம்பத்து வீட்டில் ‘லோ வோல்டேஜ்’. மின்மாற்றியின் மீதான சுமை அளவுக்குள் இருந்தாலும் இது நேரலாம்.

மூன்றாவது, மாற்று ஏற்பாடு. ஒரு துணை மின்நிலையத்தில் 10 எம்விஏ மின்மாற்றிகள் இரண்டு இருந்தால், அதன் திறன் 20 என்று தோன்றும். ஒன்று பழுதானால் மற்றொன்றே முழுச் சுமையையும் ஏற்க வேண்டும். அந்த நிலையில் நம்பத்தக்க திறன் 10 மட்டுமே. உச்சச் சுமை 14-ஐத் தொட்டுவிட்ட நிலையம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதாகவே தெரியும். ஒரு பழுது வரும் நாளில்தான் உண்மை வெளிப்படும்.

மொத்தக் கணக்கு மறைப்பது

மாநில அளவிலான கணிப்புக்கு நாட்டில் குறைவில்லை. மத்திய மின்சார ஆணையம் அவ்வப்போது மின்தேவை ஆய்வறிக்கை வெளியிடுகிறது. அதன் 20-வது அறிக்கை 2022-ல் வந்தது. எவ்வளவு மின்சாரம் உற்பத்தி செய்ய வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும் என்பதற்கு அது உதவும். எந்தத் தெரு மின்மாற்றி தாங்காது என்பதை அது சொல்லாது.

காரணம், ஒவ்வொரு பகுதியின் உச்ச நேரமும் வேறு. அலுவலகங்கள் நிறைந்த பழைய மாமல்லபுரம் சாலையில் பிற்பகலில் சுமை ஏறும். தியாகராய நகர்க் கடைத்தெருவில் மாலையில். குடியிருப்புகள் மட்டும் உள்ள தெருவில் இரவு பத்து மணிக்கு மேல். மாநிலத்தின் உச்சம் பிற்பகலில் பதிவான நாளில், குடியிருப்பு மின்மாற்றியின் உச்சம் நள்ளிரவில் பதிவாகியிருக்கும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 250 கேவிஏ மின்மாற்றி நடைமுறையில் ஏறத்தாழ 225 கிலோவாட் சுமையைத் தாங்கும். அதன்கீழ் 200 வீடுகள். விசிறி, விளக்கு, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி எனச் சராசரியாக வீட்டுக்கு 0.6 கிலோவாட் என்றால் 120 கிலோவாட். ஏறத்தாழப் பாதி காலியாக இருக்கிறது. சில ஆண்டுகளில் அவற்றில் 100 வீடுகள் 1.5 கிலோவாட் ஏசி ஒன்றை வாங்கி, புழுக்கமான இரவில் ஒரே நேரத்தில் ஓட்டினால் இன்னும் 150 கிலோவாட் சேரும். மொத்தம் 270, தாங்கும் அளவைவிட 45 கிலோவாட் கூடுதல். 20,830 மெகாவாட் கணக்கில் இந்த 0.045 மெகாவாட் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தத் தெரு இருளில் மூழ்க இது போதும்.

இன்னொரு மறைவும் உண்டு. மின்மாற்றியிலிருந்து மும்முனையாக மின்சாரம் வெளிவருகிறது. ஒருமுனை இணைப்பு கொண்ட வீடுகளை மூன்றிலும் சமமாகப் பிரித்திருக்க வேண்டும். காலப்போக்கில் புதிய இணைப்புகள் கைக்கு எட்டிய முனையில் கொடுக்கப்பட்டு, ஒரு முனை பிதுங்க, மற்றொன்று ஓய்ந்து கிடக்கும். மொத்தச் சுமை அளவுக்குள் இருந்தாலும், பாதித் தெருவுக்கு மட்டும் ‘பேஸ் போவது’ இதனால்தான்.

கணிப்பது எப்படி?

முதல் படி, இருப்பதை அளப்பது. ஒவ்வொரு மின்மாற்றியின்கீழ் எந்தெந்த இணைப்பு, எந்த முனையில் உள்ளது என்ற வரைபடம் வேண்டும். மின்மாற்றியில் ஒரு மீட்டர் பொருத்தி மணிக்கு மணி சுமையைப் பதிய வேண்டும். இந்த அடித்தளம் இல்லாத கணிப்பு ஊகம்தான்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் மீட்டர் கணக்கு இதற்குப் போதாது. இரண்டு வீடுகள் தலா 600 யூனிட் செலவழித்தால் கட்டணம் ஒன்றே. நாளைக்குப் பத்து யூனிட். ஒரு வீடு அதை நாள் முழுக்கச் சீராகச் செலவழித்தால் மின்மாற்றி மீதான அதன் பளு அரைக் கிலோவாட்டுக்கும் குறைவு. இன்னொரு வீடு இரவில் ஐந்து மணி நேரத்துக்குள் செலவழித்தால் பளு 2 கிலோவாட். மின்மாற்றியைச் சாய்ப்பது யூனிட் எண்ணிக்கை அல்ல, ஒரே நேரத்தில் விழும் பளு.

இரண்டாம் படி, வானிலைக்கு ஏற்பத் திருத்துவது. மிதமான கோடையில் பதிவான உச்சத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், அடுத்து வரும் கடுங்கோடையில் கணக்கு பொய்க்கும். அதனால் வழக்கமான கோடைக்கு ஒரு கணிப்பு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய கடுங்கோடைக்கு இன்னொரு கணிப்பு என இரண்டு தேவை.

மூன்றாம் படி, வரவிருக்கும் சுமையைச் சேர்ப்பது. கட்டட அனுமதிகள், புதிய இணைப்பு விண்ணப்பங்கள், கூடுதல் சுமை கேட்கும் மனுக்கள் ஆகியவை இதற்கான தடயங்கள். நான்கு வீடு இருந்த மனையில் பதினாறு வீடுகள் கொண்ட அடுக்ககம் எழும்பினால், தெருவின் கணக்கே மாறிவிடும். கிராமத்தில் தடயம் வேறு. நிலத்தடி நீர் இறங்க இறங்க, 5 குதிரைத்திறன் மோட்டார் இருந்த கிணற்றில் 7.5 குதிரைத்திறன் மோட்டார் இறங்கும். பதிவேட்டில் பழைய எண்ணே நிற்கும்.

நான்காம் படி, கணித்த சுமையைத் தாங்கும் அளவோடு ஒப்பிடுவது. இதிலிருந்து மூன்று விடைகள் வர வேண்டும்: எந்த ஆண்டில் எல்லை தாண்டும், எவ்வளவு தாண்டும், ஆண்டில் எத்தனை மணி நேரம் தாண்டும். கடைசி விடை தீர்வையே மாற்றிவிடும். ஆண்டில் முப்பது மணி நேரம் மட்டும் தாண்டினால், சுமையின் ஒரு பகுதியைப் பக்கத்து மின்மாற்றிக்கு மாற்றினாலே போதும். ஆயிரம் மணி நேரம் தாண்டினால் புதிய மின்மாற்றி தவிர வழியில்லை.

காலமும் கணக்கில் சேர வேண்டும். முனைகளைச் சமன்செய்ய ஒரு நாள் போதும். தெருவில் மின்மாற்றி வைக்கச் சில வாரங்கள். துணை மின்நிலையம் என்றால் இடம் தேடுவதிலிருந்து ஆண்டுகள். ஆகவே மின்மாற்றிக்கு அடுத்த கோடை வரை கணித்தால் போதும். துணை மின்நிலையத்துக்கு ஐந்து ஆண்டுகளாவது முன்னோக்க வேண்டும்.

சூரியத் தகடும் மின்வாகனமும்

பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரியத் தகடு அமைப்பது அதன் இலக்கு. 10 கிலோவாட் வரையிலான அமைப்புகளுக்குத் தொழில்நுட்ப ஆய்வு இன்றியே அனுமதி தர வேண்டும் என்று நுகர்வோர் உரிமை விதிகள் அதே மாதத்தில் திருத்தப்பட்டன. நுகர்வோருக்கு இது வசதி. பகிர்மான நிறுவனத்துக்கோ, விண்ணப்பம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. எந்தத் தெரு எவ்வளவு ஏற்கும் என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

நண்பகலில் வீடுகளின் தேவை குறைவு, தகடுகளின் உற்பத்தி அதிகம். மிஞ்சும் மின்சாரம் கம்பியில் பின்னோக்கிப் பாயும்போது மின்னழுத்தம் ஏறும். அளவுக்கு மேல் ஏறினால் சூரியத் தகட்டின் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். தகடு வைத்தவருக்கு உற்பத்தி இழப்பு. அதே தெருவில் நண்பகலில் அழுத்தம் கூடுதல், நள்ளிரவில் குறைவு என இரண்டு தொல்லைகளும் சேர்ந்து வரலாம். இரவுச் சுமையைச் சூரியத் தகடு குறைப்பதும் இல்லை.

மின்வாகனங்களின் கணக்கு வேறு. ஸ்கூட்டரின் சார்ஜர் ஒரு கிலோவாட்டுக்குள் அடங்கும். வீட்டில் பொருத்தும் 7.4 கிலோவாட் கார் சார்ஜர், ஏறத்தாழ ஐந்து ஏசிக்குச் சமம். அடுக்ககத்தில் பத்துக் கார்கள் ஒரே நேரத்தில் செருகப்பட்டால் 74 கிலோவாட். இரவு மலிவு என்று எல்லோரையும் பத்து மணிக்குச் சார்ஜ் செய்யச் சொன்னால், ஏசி உச்சத்தின்மேல் இன்னொரு உச்சம் ஏறி அமரும்.

கணிக்காததன் விலை

2024 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தில் 700-க்கும் மேற்பட்ட மின்மாற்றிகள் அதிகச் சுமையால் பழுதானதாக அம்மாநில மின்வாரியம் தெரிவித்தது. மாநிலம் முழுவதும் மின்வெட்டு வைக்காமல், பாலக்காடு போன்ற நெருக்கடிப் பகுதிகளில் மட்டும் இரவு நேரக் கட்டுப்பாடுகள் கொண்டுவரப்பட்டன. பற்றாக்குறை மாநிலக் கணக்கில் மட்டும் நிற்பதில்லை, தெருக்களிலும் தனியே இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

நள்ளிரவில் பியூஸ் போனால் தெரு முழுக்க விழித்திருக்கும். பணிச்சுமையில் இருக்கும் ஊழியர் தடித்த கம்பியைப் பியூஸாகக் கட்டிவிட்டுப் போனால், அன்றிரவு மின்சாரம் நிற்காது; காக்க வேண்டிய பியூஸ் காக்காததால் மின்மாற்றியே எரியும். நீண்ட தடைக்குப் பிறகு மின்சாரம் திரும்பும் நிமிடமும் ஆபத்தானது. எல்லா ஏசிகளும் ஒன்றாக எழும். வீட்டு இன்வெர்ட்டர்களின் பேட்டரிகளும் அப்போதுதான் சார்ஜ் ஏறத் தொடங்கும். வழக்கத்தைவிடக் கூடுதல் சுமையால் மீண்டும் பியூஸ் போகும்.

அழுத்தம் குறைந்தால் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். மோட்டார் சுருள் கருகினால், மறுபடி கட்டும் செலவும், கட்டி வரும்வரை வாடும் பயிரும் விவசாயியின் தலையில். சிறு தொழிற்கூடத்துக்கு வேலை நின்ற நேரம் நட்டம். ஸ்டெபிலைசருக்கும் இன்வெர்ட்டருக்கும் வீடுகள் செய்யும் செலவு எந்த மின்கட்டணப் பட்டியலிலும் வருவதில்லை.

அச்சத்தில் எல்லா மின்மாற்றிகளையும் பெரிதாக்குவதும் தீர்வல்ல. சுமையில்லாத மின்மாற்றியும் இரவு பகலாகச் சிறிது மின்சாரத்தை விழுங்கும். தேவையற்ற இடத்தில் போட்ட முதலீட்டின் வட்டி மின்கட்டணத்தில் ஏறும். ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய கடனைச் சுமக்கும் தமிழக மின்துறைக்கு, எங்கே செலவழிக்கக் கூடாது என்று சொல்லும் கணிப்பும் அதே அளவு தேவை.

மற்ற நாடுகளின் வழக்கம்

ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு பகிர்மான நிறுவனமும் ஆண்டுதோறும் திட்ட அறிக்கை வெளியிட வேண்டும் என்பது தேசிய மின்சார விதி. துணை மின்நிலைய வாரியாகக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கான சுமைக் கணிப்பு, தாங்காமல் போகும் காலம், எவ்வளவு சுமை குறைந்தால் செலவை ஓராண்டு தள்ளிப்போடலாம் என்ற கணக்கு ஆகியவை அதில் இருக்கும். அதைப் பார்த்து, பேட்டரி வைத்தோ சுமையைக் குறைத்தோ தீர்வு தர மற்றவர்கள் முன்வரலாம்.

பிரிட்டனின் பகிர்மான நிறுவனங்கள், எந்தப் பகுதியில் எவ்வளவு இடம் மீதி உள்ளது என்று நிற வரைபடங்களாக வெளியிடுகின்றன. உச்ச நேரத்தில் சுமையைக் குறைக்க முன்வருவோருக்கு ஏலமுறையில் பணமும் தருகின்றன. முன்னோக்குப் போதாமல் போனதற்கு எடுத்துக்காட்டு நெதர்லாந்து. அங்கே பல பகுதிகளில் மின்பாதை நிரம்பிவிட்டதால், புதிய இணைப்பு கேட்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. செல்வமும் தொழில்நுட்பமும் உள்ள நாட்டுக்கே இந்த நிலை.

செய்ய வேண்டியவை

ஒன்று: மின்மாற்றி மீட்டர்களுக்கு முன்னுரிமை. 2021-ல் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தில் இதற்கு இடம் உண்டு. வீட்டு ஸ்மார்ட் மீட்டர் எல்லோருக்கும் வந்து சேர ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்பே, அடிக்கடி பியூஸ் போகும் தெருக்களின் மின்மாற்றிகளில், மூன்று முனைகளையும் தனித்தனியே பதியும் மீட்டர்களைப் பொருத்தலாம்.

இரண்டு: ஒவ்வோர் ஆண்டும் ஜனவரிக்குள் பீடர் வாரியாகவும் மின்மாற்றி வாரியாகவும் பட்டியல் வெளியிடப்பட வேண்டும். இடம் உள்ளவை பச்சை, நெருங்குபவை மஞ்சள், தாண்டுபவை சிவப்பு. வீடு வாங்குபவரும் தொழில் தொடங்குபவரும் பார்க்கும்படி அது எளிய தமிழில் இருக்க வேண்டும்.

மூன்று: பிப்ரவரி, மார்ச் மாதங்களைக் கோடை ஆயத்தக் காலமாக ஒதுக்கலாம். சிவப்புப் பட்டியலில் உள்ள இடங்களில் முதலில் முனைகளைச் சமன்செய்வது, சுமையைப் பக்கத்து மின்மாற்றிக்கு மாற்றுவது, தளர்ந்த இணைப்புகளைச் சரிசெய்வது. அதற்கும் அடங்காத இடங்களுக்கு மட்டும் புதிய மின்மாற்றி.

நான்கு: சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், நகர் ஊரமைப்பு இயக்ககம், உள்ளாட்சிகள் ஆகியவை கட்டட அனுமதி வழங்கும் நாளிலேயே அதன் உத்தேச மின்சுமை பகிர்மானக் கழகத்தின் கணக்கில் ஏற வேண்டும். பெரிய அடுக்ககங்களில் மின்மாற்றிக்கான இடத்தை வரைபடத்திலேயே உறுதிசெய்ய வேண்டும்.

ஐந்து: அனுமதித்த அளவைவிடக் கூடுதல் சுமையைத் தாமாக அறிவிப்போருக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு அபராதம் இல்லாத வாய்ப்புத் தரலாம். மறைக்கப்பட்ட சுமையை யாராலும் கணிக்க முடியாது.

ஆறு: மின்வாகனச் சார்ஜிங் நேரத்தைப் பகுதிக்கு ஏற்ப வகுக்க வேண்டும். அலுவலகப் பகுதியில் மாலைக்குப் பின்; குடியிருப்பில் அதிகாலை அல்லது சூரிய மின்சாரம் மிஞ்சும் நண்பகல். 2020 ஜனவரி முதல் அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி தயாரிக்கப்படுகின்றன. அந்த அளவிலேயே வைத்திருப்பது கட்டணத்தை மட்டுமல்ல, தெரு மின்மாற்றியின் ஆயுளையும் காக்கும் என்று நுகர்வோருக்கு விளக்க வேண்டும்.

ஏழு: கணிப்பைத் தணிக்கை செய்ய வேண்டும். சென்ற ஆண்டு சிவப்பில் காட்டியவற்றில் எத்தனை உண்மையில் எல்லை தாண்டின, பச்சையில் காட்டியவற்றில் எத்தனை எரிந்தன என்ற ஒப்பீட்டை, மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆண்டுதோறும் கேட்டுப் பெற்று வெளியிடலாம். புதிய முதலீட்டுக்கு ஒப்புதல் கேட்கும்போது இந்த ஒப்பீட்டையும் இணைக்க வேண்டும் என்று அது விதித்தால், பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு கூர்மை பெறும்.